கோட்டுக்குப் பெயர் வைத்த ஹார்லெம்காரர்: யோஸ்ட் ஸ்வார்ட்டே

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டின்டின் காமிக்ஸின் ஓவிய பாணிக்குத் ‘தெளிந்த கோடு’ என்று பெயர் வைத்தவர் யோஸ்ட் ஸ்வார்ட்டே என்ற டச்சுக்காரர் என்று படித்தீர்கள். தேடிப் பார்த்தால், பெரியவர்களுக்காக அவர் வரைந்த காமிக்ஸ் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே புத்தகத்தில் அடங்கிவிடுகிறது. ஐம்பது வருஷமாகக் காமிக்ஸ்காரர் என்று அறியப்பட்டவருக்கு இவ்வளவுதானா, அப்புறம் எதனால் இத்தனை மரியாதை என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் போட்ட கணக்கு சரிதான். 2012-இல் அமெரிக்காவில் ஃபான்டாகிராஃபிக்ஸ் வெளியிட்ட அந்தத் தொகுப்பு நூற்றைம்பது பக்கத்துக்குள் முடிந்துவிடும். அதன் ஆங்கிலத் தலைப்பே ‘இவ்வளவுதானா?’ என்ற பொருளில் அமைந்தது. முன்னுரை எழுதியவர் கிறிஸ் வேர். இன்றைய அமெரிக்கக் காமிக்ஸில் மிக நுணுக்கமாக வரைகிறவர்களில் ஒருவர் அவர்.

பக்கத்தை எண்ணினால் ஸ்வார்ட்டே பிடிபட மாட்டார். ஒரு காமிக்ஸ்காரருக்குப் பத்திரிகை, பதிப்பகம், திருவிழா, கண்காட்சி எல்லாம் வேண்டும். ஏன், ஒரு பாணியைப் பற்றிப் பேசுவதற்குச் சரியான சொல்கூட வேண்டும். இவற்றையெல்லாம் யாராவது கொடுப்பார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தானே கட்டினார், அல்லது நண்பர்களோடு சேர்ந்து கட்டினார். கடைசியில் நிஜமாகவே ஒரு கட்டடத்தையும் கட்டினார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயர். டச்சில் J என்ற எழுத்து ‘ய’ என்று ஒலிக்கும், அதனால் ஜூஸ்ட் அல்ல, யோஸ்ட். 1947 டிசம்பர் 24 அன்று ஹேம்ஸ்டேடே என்ற ஊரில் பிறந்தார். ஆம்ஸ்டர்டாமுக்கு மேற்கே, ஹார்லெம் நகரை ஒட்டிய ஊர் அது. ஐந்தோவனில் தொழில்முறை வடிவமைப்பு படித்தார். நாற்காலியும் விளக்கும் எப்படிச் செய்யப்படுகின்றன, எந்தப் பாகம் எதில் பொருந்துகிறது என்று சொல்லித்தரும் படிப்பு. இந்த ஒரு தகவலை மறக்காதீர்கள். அவர் வரைந்த ஒவ்வொரு ஜன்னலும் திறந்து மூடக்கூடிய ஜன்னலாகத் தெரிவதற்குக் காரணம் இந்தப் படிப்புதான் என்று நான் நம்புகிறேன்.

அவர் வரையத் தொடங்கிய 1960-களின் கடைசியில் நெதர்லாந்தில் காமிக்ஸ் என்றால் இரண்டு மூன்று வழிகள்தான். குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை டொனால்ட் டக் வரும். 1952-இலிருந்து வீட்டுக்கு வீடு போகும் பத்திரிகை. செய்தித்தாளில் மார்ட்டன் டோண்டரின் தொடர்கள் வரும். படத்துக்குக் கீழே உரைநடையில் கதை ஓடும் அந்த வகை டச்சுக்காரர்களுக்கு ரொம்பப் பிரியமானது. மற்றபடி பெல்ஜியத்திலிருந்து வரும் ஆல்பங்கள். நாற்பத்து நான்கு அல்லது நாற்பத்தெட்டுப் பக்கம், கெட்டி அட்டை, ஒரே நாயகன், வருஷத்துக்கு ஒரு புத்தகம். இந்த அச்சில் பொருந்தாத ஒருவருக்கு அங்கே இடம் இல்லை.

அதே நேரம் வேறொரு காற்றும் வீசியது. ஆம்ஸ்டர்டாமில் ப்ரோவோ என்ற இளைஞர் இயக்கம் 1965-இலிருந்து இரண்டு வருஷம் அதிகாரத்தைச் சீண்டிக்கொண்டே இருந்தது. அந்த வட்டத்தில் வரைந்த வில்லெம் என்ற பெர்ன்ஹார்ட் ஹோல்ட்ராப், ராணி யூலியானாவைக் கேலிச்சித்திரமாக வரைந்து வழக்கில் மாட்டினார், பிறகு 1968-இல் பாரிஸுக்கே போய்விட்டார். 2013-இல் பிரான்ஸின் அங்குலேம் காமிக்ஸ் விழாவின் உயரிய விருது கிடைத்தது அவருக்குத்தான். அமெரிக்காவிலிருந்து ராபர்ட் கிரம்பின் அண்டர்கிரவுண்டு இதழ்கள், அதாவது பெரிய பதிப்பகங்களுக்கு வெளியே பெரியவர்களுக்காக வந்த கலகக் காமிக்ஸ், கைமாறி வந்தன. 1968 நவம்பரில் கேஸ் கௌஸமாக்கர் என்பவர் ஆம்ஸ்டர்டாமின் கெர்க்ஸ்ட்ராட் தெருவில் லம்பிக் என்ற காமிக்ஸ் கடையைத் திறந்தார். ஐரோப்பாவில் காமிக்ஸுக்கென்றே திறந்து இன்றும் நடக்கும் கடைகளில் மூத்தது அது. இப்படி ஒரு கடை இருந்தால்தான் ஐந்நூறு பிரதி அச்சிடுகிறவனுக்கும் அதைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் கிடைக்கும்.

1971-இல் ஸ்வார்ட்டே ‘மொடேர்ன் பப்பியர்’ என்ற பத்திரிகையைச் சொந்தமாகத் தொடங்கினார். ‘நவீனக் காகிதம்’ என்று பொருள். நம் சிறுபத்திரிகைகளைப் போலத்தான்: ஆசிரியரும் அவரே, வடிவமைப்பாளரும் அவரே. பின்னர் அது ‘தந்தெ லேனி ப்ரெசன்டேர்ட்’ என்ற இன்னொரு இதழோடு கலந்தது. ‘லேனி அத்தை வழங்கும்’ என்று தமிழில் சொல்லலாம். எவர்ட் கெராட்ஸ் என்ற ஓவியர் 1970-இல் தொடங்கி 1978 வரை நடத்தியது. லேனி அவருடைய மனைவியின் பெயர். டச்சு அண்டர்கிரவுண்டு காமிக்ஸ் என்று இன்று சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு இதழிலிருந்து வந்தது. கெராட்ஸ் பிறகு பல வருஷம் அதே டொனால்ட் டக் வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதினார். இதைக் கொள்கைத் துரோகம் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வாத்துக் கதைகளை மனசார நேசித்த தலைமுறை அது. அவர்களுடைய கலகப் படங்களிலும், டொனால்ட் டக் கதைகளை வரைந்த அமெரிக்கர் கார்ல் பார்க்ஸின் வாத்துகள் மேல் உள்ள மரியாதை தெரியும்.

லேனி அத்தையின் வட்டத்தில் இருந்த இன்னொருவரைச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு கேட்காது. பீட்டர் பொன்டியாக், 1951-இல் பிறந்தவர், 2015 ஜனவரியில் காலமானார். பள்ளியில் ஓவியம் படித்தவரல்ல. போதைப் பழக்கத்தில் சிக்கி, அதையே ஒளிக்காமல் வரைந்தவர். அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பக்கம் சேர்ந்து போர்ச் செய்தியாளராக வேலை செய்தவர், 1978-இல் குராசாவ் தீவின் கடற்கரை ஒன்றில் காணாமல் போனார். அந்த அப்பாவுக்கு மகன் எழுதும் நீண்ட கடிதமாக 2000-இல் வந்த புத்தகம் ‘க்ராவுட்’. கையெழுத்தும் படமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே போகும். ஸ்வார்ட்டேயின் பக்கத்தில் ஒரு தூசுகூட இருக்காது. பொன்டியாக்கின் பக்கத்தில் கோடு மேல் கோடாக, இருட்டு மேல் இருட்டாக அடர்ந்து கிடக்கும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பத்திரிகை இடம் கொடுத்தது என்பதுதான் அந்தக் காலத்தின் அழகு.

சரி, ஸ்வார்ட்டேயின் ஆட்கள் யார்? முதல் ஆள் யோப்போ தெ போயோ. டின்டின் போடுகிற மாதிரி முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, தலையில் வாழைப்பூ நிமிர்ந்ததுபோல ஒரு பெரிய கொண்டை முடி, கரிய முகம், வட்டக் கண். நல்லவன், ஆனால் எதிலும் சட்டென்று மாட்டிக்கொள்கிறவன். அந்த முகம் பழைய அமெரிக்கக் கார்ட்டூன்களில் கறுப்பின மக்களை வரைந்த முறையிலிருந்து எடுத்தது. அந்த முறைக்குப் பின்னால் உள்ள இழிவை அறிந்தவர்களுக்கு இன்று அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும், எனக்கும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மறைத்து உங்களுக்கு இந்தப் புத்தகத்தைப் பரிந்துரைக்க முடியாது. இன்னொருவர் அன்டன் மக்காசார். தாடிக்காரர், எல்லாம் தெரிந்தவர்போல் நீட்டி முழக்கிப் பாடம் நடத்துகிறவர். குழந்தைகளுக்காக ‘யிப்போ’ என்ற பத்திரிகையில் ‘கட்டூன், பின்பல்’ என்ற தொடரையும் வரைந்தார். சாமான்களைப் பிரித்து மாட்டி ஏதாவது செய்து பார்க்கும் இரண்டு பிள்ளைகள். ஐந்தோவனில் படித்தது அங்கே நேராக வெளிப்படுகிறது.

இப்போது நீங்கள் கேட்ட பெயருக்கு வருகிறேன். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஸ்வார்ட்டே அந்தப் பாணியைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பாணி எர்ஜே என்ற பெல்ஜியக்காரருடையது, டின்டினை உருவாக்கியவர். எர்ஜேவுக்கு முன்னால் அமெரிக்காவில் ஜார்ஜ் மக்மேனஸ் போன்றவர்கள் அப்படிச் சுத்தமான கோட்டில் வரைந்திருக்கிறார்கள், எர்ஜே அவர்களிடமிருந்து கற்றார். 1977-இல் ராட்டர்டாமில் டின்டின் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. அதையொட்டி ஸ்வார்ட்டே வைத்த பெயர்தான் ‘க்ளாரெ லெய்ன்’. லெய்ன் என்றால் கோடு. க்ளாரெ என்றால் தெளிந்த, கலங்கல் இல்லாத. டச்சில் ‘க்ளாரெ தால்’ என்றால் ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. மதுக்கடையில் ஒரு ‘க்ளாரெ’ என்று கேட்டால் தண்ணீர்போல் நிறமற்ற யெனேவர் சாராயம் வரும். ஆக, தினப்படி பேச்சில் புழங்குகிற ஒரு சொல்லை எடுத்துக் கலைக்குச் சூட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘லீன்யு க்ளேர்’ என்று மாற்றிக்கொண்டார்கள், அந்தப் பிரெஞ்சு வடிவம்தான் உலகெல்லாம் பரவியது. பெயரின் வேர் டச்சு என்பது பிறகு பலருக்கு மறந்தே போனது.

ஒரு பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அதுவரை அப்படி வரைகிற எல்லாரையும் ‘எர்ஜே மாதிரி வரைகிறார்’ என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொன்னாலே காப்பி அடிக்கிறார் என்ற வாடை வந்துவிடும். பெயர் வந்ததும் கோடு எர்ஜேயின் கையிலிருந்து பிரிந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு கருவி ஆயிற்று. நம் இசையில் ஒரு பெரியவர் பாடிப் பாடிப் பழகிய ஒரு பிடிக்குப் பெயர் கிடைத்த பிறகு அடுத்தவர் அதைத் தைரியமாகப் பாடுவார் இல்லையா, அதுபோல.

அந்தக் கோடு எப்படி இயங்குகிறது என்பதை ஓவியம் தெரியாதவரும் புரிந்துகொள்ளலாம். எல்லாக் கோடும் ஏறக்குறைய ஒரே தடிமன். மூக்கின் கோடும் மலையின் கோடும் காரின் கோடும் ஒன்றுபோல. நிழலுக்காகக் குறுக்குமறுக்குக் கிறுக்கல் கிடையாது. வண்ணம் தட்டையாக, ஒரு இடத்துக்கு ஒரே நிறம். பின்னணியில் உள்ள கதவுக் கைப்பிடிக்கும் நாயகனின் முகத்துக்கும் ஒரே அளவு கவனம். எர்ஜே ஒரு உருவத்தைப் பென்சிலில் மேலும் மேலும் வரைந்து, அந்தச் சிக்கலுக்குள்ளிருந்து உயிருள்ள கோட்டை மட்டும் தேர்ந்து மேல்தாளில் நகலெடுப்பார். வண்ணமோ தனி வேலை. கறுப்புக் கோடு ஒரு ஃபிலிமில் இருக்கும். அதே படத்தை வெளிறிய நிறத்தில் வேறு தாளில் அச்சிட்டு, அதன்மேல் வண்ணம் பூசுவார்கள். அச்சில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போது கோடு கறுப்பாக, கூர்மையாக நிற்கும்.

நான் பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் வரைந்து பிழைக்கிறவன். ஒரு தடவை இந்த முறையில் ஒரு படிக்கட்டு வரையலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்பது படி, பக்கத்தில் கைப்பிடிக் கம்பி, கீழே ஒரு சைக்கிள். பென்சிலில் அழகாக இருந்தது. மேலே ட்ரேசிங் தாளை வைத்து 0.5 பேனாவால் இழுக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு பொய்யும் வெளியே வந்தது. நாலாவது படியின் ஆழம் மூன்றாவதைவிடக் குறைவு. கம்பி எந்த இடத்தில் தரையில் ஊன்றியிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் கொஞ்சம் நிழல் கிறுக்கி மூடிவிடுவேன். இங்கே மூட முடியாது. சைக்கிளின் சங்கிலி எந்தப் பல்சக்கரத்தில் ஏறுகிறது என்று கீழே போய் என் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்று முழுக்க ஒரே ஒரு கட்டம். தெரியாததை இந்தக் கோட்டில் வரையவே முடியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் கையில் புரிந்தது.

ஸ்வார்ட்டே அதே நேரத்தில் இன்னொரு பெயரும் வைத்தார்: ‘அணு பாணி’. 1950-களின் நம்பிக்கை நிறைந்த நவீன வடிவங்களை வைத்து வரைவது. புருஸ்ஸல்ஸில் 1958 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய அட்டோமியம் என்ற பெரிய உருண்டைக் கட்டடம் அதன் அடையாளம். இதன் வேர் எர்ஜேயின் கூடத்தில் இல்லை, ஸ்பிரூ என்ற காமிக்ஸ் பத்திரிகை வந்த மார்சினெல் என்ற பெல்ஜிய ஊரின் பக்கம். அங்கே கோடு தூரிகையால் போடுவது, தடித்து மெலிந்து துள்ளும். லயன் காமிக்ஸில் லக்கி லூக் படித்தவர்களுக்கு அந்தத் துள்ளல் உடனே பிடிபடும், லக்கி லூக் அந்த ஸ்பிரூ பத்திரிகையிலிருந்து வந்தவர்தான். ஒரு டின்டின் பக்கத்தையும் ஒரு லக்கி லூக் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள், இரண்டு பள்ளிகளின் வித்தியாசம் ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிடும்.

எர்ஜேயின் கோட்டைக் கையில் எடுத்த ஸ்வார்ட்டே அதை எர்ஜேயின் உலகத்துக்கு வெளியே கொண்டுபோனார். டின்டின் உலகத்தில் கோடு சுத்தம், மனிதர்களும் சுத்தம். நாயகன் பொய் சொல்லமாட்டான், கதை நீதியில் முடியும். ஸ்வார்ட்டேயின் உலகத்தில் கோடு மட்டும்தான் சுத்தம். மனிதர்கள் சபலக்காரர்கள், தோற்றுப்போகிறவர்கள், பணத்துக்கு அலைகிறவர்கள். கதை எங்கோ தொடங்கி, யாரும் எதிர்பாராத மூலையில் நின்றுவிடும். குழந்தைப் புத்தகம்போல் பளிச்சென்று வரைந்த ஓர் அறைக்குள் பெரியவர்களின் அசிங்கம் நடக்கும்போது நமக்குள் ஏதோ நெளிகிறது. அந்த நெளிவைத்தான் அவர் தேடினார் என்பது என் கணிப்பு. 1980-இல் வந்த ‘மாடர்ன் ஆர்ட்’ தொகுப்பில் இது உச்சத்தில் இருக்கும்.

அந்த வருஷங்களில் பிரான்ஸிலும் இதே அலை எழுந்தது. டெட் பெனுவா, ஈவ் ஷலான், ஃப்ளோக் என்று ஓர் இளைஞர் கூட்டம் பழைய கோட்டைப் புதுக் கதைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. பெனுவாவின் 1980 புத்தகத்தின் தலைப்பிலேயே அந்தப் பெயர் இருந்தது. பெயர் வைத்து மூன்றே வருஷத்தில் இன்னொரு நாட்டில் அது புத்தகத் தலைப்பாகிவிட்டது.

நியூயார்க்கில் அதே 1980-இல் ஆர்ட் ஸ்பீகல்மனும் ஃபிரான்ஸ்வாஸ் மூலியும் ‘ரா’ என்ற பெரிய அளவுக் காமிக்ஸ் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதன் இரண்டாவது இதழின் அட்டை ஸ்வார்ட்டே வரைந்தது. ஸ்பீகல்மனின் ‘மவுஸ்’ தொடர் சின்னக் கையேடாக உள்ளே இணைந்து முதன்முதலில் வந்தது அந்த இதழில்தான். ஐந்தாவது இதழின் அட்டை எவர் மியூலென் வரைந்தது. அவர் பெல்ஜியத்தின் ஃப்ளெமிஷ் பகுதிக்காரர், லேனி அத்தை இதழிலும் வரைந்தவர். ஒரு டச்சுச் சிறுபத்திரிகையின் இரண்டு கைகள் அமெரிக்கக் காமிக்ஸின் திசையை மாற்றிய பத்திரிகையின் முகப்பில். பின்னர் 1993-இல் மூலி ‘நியூயார்க்கர்’ இதழின் கலை ஆசிரியர் ஆனார். ஸ்வார்ட்டேயின் படங்கள் அதன் உள்ளேயும் அட்டையிலும் வந்தன. அந்தப் படங்களைத் திரட்டி ஒரு தனிப் புத்தகமே வந்திருக்கிறது. அந்தப் பத்திரிகைக்கும் பழைய ‘ரா’வுக்கும் நடுவில் இருந்த பாலம் மூலிதான்.

பிழைப்புக்கு என்ன செய்தார் என்று அடுத்து கேட்பீர்கள். காமிக்ஸ் பக்கம் கொடுக்காத வருமானத்தை வடிவமைப்பு கொடுத்தது. சுவரொட்டி, இசைத்தட்டு உறை, புத்தக அட்டை, வண்ணக் கண்ணாடி ஜன்னல், மேசை நாற்காலி வரை. 1984-இல் டச்சு அஞ்சல் துறையின் குழந்தை நல அஞ்சல் தலைகளை அவர் வரைந்தார். தலையின் விலைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, அந்தத் தொகையைக் குழந்தைகளுக்கான நிதிக்குக் கொடுக்கும் வழக்கம் அங்கே ரொம்ப நாளாக உண்டு. அவ்வளவு சின்னக் காகிதத்தில் படம் படமாகவே நிற்க வேண்டும், தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும். தெளிந்த கோட்டுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை இருக்க முடியாது. இந்த வேலைகளையெல்லாம் ‘வயிற்றுப் பிழைப்பு’ என்று ஒதுக்கிவிட்டு, காமிக்ஸை மட்டும் ‘நிஜமான படைப்பு’ என்று அவர் பிரித்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு சுவரொட்டியை நின்று படித்தால் அதிலேயே ஒரு முழுக் கதை இருக்கும்.

1980-களின் நடுவில் ஹன்ஸ்யே யௌஸ்ட்ரா என்ற பதிப்பாளருடன் சேர்ந்து ‘ஓக் என் ப்ளிக்’ பதிப்பகத்தைத் தொடங்கினார். ஓக் என்றால் கண், ப்ளிக் என்றால் பார்வை. இரண்டையும் சேர்த்து வேகமாகச் சொன்னால் டச்சில் ‘கணம்’ என்ற சொல்லாகக் கேட்கும். நம் ‘கண் இமைக்கும் நேரம்’ போலவே கண்ணிலிருந்து பிறந்த காலச் சொல். பொன்டியாக்கின் படைப்புகளைத் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்தது இந்தப் பதிப்பகம். நண்பனின் சிதறிக் கிடந்த பக்கங்களை நூலாக்கியது என் கணக்கில் ஸ்வார்ட்டேயின் பெரிய சாதனைகளில் ஒன்று. 1992-இல் ஹார்லெமில் ‘ஸ்ட்ரிப்டாகென்’ என்ற காமிக்ஸ் திருவிழாவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும். ஊரின் பல இடங்களில் பரவலாகக் கண்காட்சிகள் வைப்பார்கள். 2016-இல், அறுபத்தெட்டு வயதில், மறுபடி யௌஸ்ட்ராவோடு சேர்ந்து ‘ஸ்க்ராட்சஸ்’ என்ற புதுப் பத்திரிகை. இருபத்து மூன்று வயதில் செய்ததையே திரும்பவும் செய்தார்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஹார்லெமில் ‘டோனேல்ஸ்கூர்’ என்று ஒரு நாடகக் குழாமின் அரங்கம் உண்டு. டோனேல் என்றால் நாடகம், ஸ்கூர் என்றால் கொட்டகை. நம் தாத்தாக்கள் சொன்ன நாடகக் கொட்டகை என்ற சொல் அப்படியே பொருந்தும். 1990-களில் அவர்களுக்குப் புது இடம் வேண்டியிருந்தது. எப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு யோசனையை வரைந்து தரும்படி உள்ளூர்க்காரரான ஸ்வார்ட்டேயிடம் கேட்டார்கள். அவர் வரைந்தார். வரைந்தது வெறும் அழகுப் படமாக இல்லை, கட்டக்கூடியதாக இருந்தது. டெல்ஃப்ட் நகரின் மெக்கானூ கட்டடக்கலை அலுவலகம் அவரோடு சேர்ந்து அதைத் தொழில்நுட்ப வரைபடமாக மாற்றியது, 2003-இல் அரங்கம் திறந்தது.

அந்த இடம் பழைய நகரத்தின் நெருக்கமான தெருக்களுக்கு நடுவே, நாலு பக்கமும் வீடுகள் அணைத்து நிற்கும் மூலை. அங்கே ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினால் தெருவே மூச்சுத் திணறும். ஸ்வார்ட்டே நாடக அரங்குகளையும் சினிமா அரங்குகளையும் தனித்தனித் துண்டுகளாக்கி, இடையில் கண்ணாடியும் படிக்கட்டும் வைத்து இணைத்தார். ஒரு காமிக்ஸ் பக்கத்தை மனசில் வைத்துக்கொண்டு படங்களில் அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு அரங்கும் ஒரு கட்டம். மக்கள் நடந்துபோகும் இடம் கட்டங்களுக்கு நடுவே விடும் வெள்ளை இடைவெளி. வெளியே நிற்பவருக்கே உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று விளங்கிவிடும். மறைக்க நிழல் இல்லாத கோட்டில் முப்பது வருஷம் வரைந்த கை அப்படித்தான் கட்டும்.

2009-இல் பெல்ஜியத்தின் லூவேன் லா நூவில் எர்ஜே அருங்காட்சியகம் திறந்தபோது உள்ளே எதை எப்படி வைப்பது என்ற காட்சியமைப்பில் ஸ்வார்ட்டேயின் பங்கு பெரியது. கட்டடம் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டியான் தெ போர்ட்ஸாம்பார்க் வடிவமைத்தது. 1977-இல் எர்ஜேயின் கோட்டுக்குப் பெயர் வைத்தவர், முப்பத்திரண்டு வருஷம் கழித்து எர்ஜேயின் மூலப் படங்களைச் சுவரில் எந்த உயரத்தில் மாட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

விருதுகளை ஒரு வரியில் சொல்லிவிடலாம். டச்சுக் காமிக்ஸ் சங்கத்தின் ஸ்ட்ரிப்ஸ்காப் பரிசு 1998-இல், அதற்கு முந்தின வருஷம் பொன்டியாக்குக்கு. மார்ட்டன் டோண்டர் பரிசு 2012-இல், அதற்கும் முந்தின வருஷம் பொன்டியாக்குக்குத்தான்.

அவருடைய படங்கள் குளிர்ந்துபோனவை, மனிதர்களைவிடச் சாமான்கள் மேல்தான் அவருக்கு அக்கறை என்று ஒரு விமர்சனம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அழவைக்கும் கதை அவரிடம் தேடினால் கிடைக்காது, அதற்கு பொன்டியாக்கிடம் போக வேண்டும். ஆனால் ஒரு மேசை விளக்கை, ஒரு மாடிப்படியை, ஒரு தெருமுனையை இத்தனை மரியாதையோடு பார்ப்பதும் அன்புதான் என்று எனக்குப் படுகிறது.

நீங்கள் எங்கே தொடங்கலாம்? அந்த ஒற்றைத் தொகுப்பு கையில் கிடைத்தால் முதலில் வசனத்தைப் படிக்காதீர்கள். ஏதாவது ஒரு பெரிய கட்டத்தை எடுத்து, அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எந்தக் கதவு வழியாக அங்கே வந்திருக்க முடியும் என்று தேடுங்கள். வழி கட்டாயம் வரைந்திருப்பார். புத்தகம் கிடைக்கவில்லை என்றால் ஹார்லெம் டோனேல்ஸ்கூர் அரங்கத்தின் வெளிப்படத்தையும் ‘ரா’ இரண்டாம் இதழின் அட்டையையும் இணையத்தில் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். வரையப் பழகுகிறவர் என்றால் கூடவே ஒரு ட்ரேசிங் தாளும் 0.5 பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் படிக்கட்டிலிருந்து தொடங்கலாம்.